முப்பது நோயாளிகள் தேவை

போன வாரம் நீங்கள் மூன்று பேரும் நிதி உதவி கேட்கும் ஒரு மனுவை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். "ஐயா, அனுப்பறதுக்கு முன்னால ஒருமுறை படிச்சுப் பாருங்க" என்றீர்கள். படித்தேன். நல்ல மனு. தட்டச்சில் ஒரு பிழை இல்லை. எந்தக் கேள்விக்கும் தயங்காமல் பதில் சொல்லியிருந்தீர்கள். படித்து முடித்ததும் எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. இதே போல அப்பழுக்கில்லாத மனு ஒன்றை நானும் ஒருமுறை தயாரித்திருக்கிறேன். அந்தக் கதையை அன்றே சொல்லியிருக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். எழுதினால் என் முகம் உங்களுக்குத் தெரியாது என்பதால் இப்போது எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், காடு தொடங்கும் இடத்தில், ஓட்டுக் கூரை போட்ட ஒரு கட்டிடம். வாசலில் 'கிராம ஆரோக்கிய சேவை நிலையம்' என்று பலகை. அதற்கு நான் செயலாளர். செயலாளர் என்றால் பிச்சை எடுப்பவர் என்று பொருள். சட்டை போட்டுக்கொண்டு எடுப்பதால் 'நிதி திரட்டுதல்' என்று மரியாதையாகச் சொல்வார்கள். டாக்டர் ஒருவர் வாணியம்பாடியிலிருந்து வாரம் ஒரு நாள் வருவார். மற்ற ஆறு நாளும் கன்னியம்மாதான் எல்லாம். மருந்து கொடுப்பவள், கட்டுப் போடுபவள், பிரசவம் பார்ப்பவள், வாசல் பெருக்குபவள், எல்லாம் அவளே.

அந்தக் காலத்தில் உதவி கேட்பது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியும். நாம் கேட்பது ஒன்று, வருவது வேறொன்று. குடிதண்ணீர்க் கிணற்றுக்கு மூடி கேட்டு ஒரு தரும ஸ்தாபனத்துக்கு எழுதினேன். ஆறு மாதம் கழித்து ஓர் ஆர்மோனியப் பெட்டி வந்தது. அந்த ஆண்டு அவர்கள் கலை வளர்ச்சிக்கு மட்டும்தான் கொடுக்கிறார்களாம். கோரிக்கை நியாயமானது என்பதால் வெறுங்கையோடு திருப்பி அனுப்ப மனம் வரவில்லையாம். நன்றி தெரிவித்து, ஆர்மோனியத்தைத் தாழ்வாரத்தில் வைத்து, அதன்மேல் நோயாளிகள் பதிவேட்டை வைத்துக்கொண்டோம். கிணறு திறந்தே கிடந்தது. கிடைப்பதை வாங்கு, கேட்பதை அவர்களுக்குப் பிடித்த மாதிரி கேள் என்பதுதான் இந்தத் தொழில் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி எனக்கு ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம் அப்போது.

இனி கன்னியம்மா. முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். எட்டாவது படித்தவள், புருஷன் இல்லை. பிரசவம் பார்ப்பதை எந்தப் பள்ளியிலும் கற்காமல், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவள். ஒரு மழைக்காலத்தில் மலையடிவாரத்திலிருந்து கட்டிலில் தூக்கி வந்த ஒரு பெண், பிள்ளை பெற்ற பிறகு ரத்தப்போக்கு நிற்காமல் இவள் மடியிலேயே இறந்துபோனாள். மறுநாள் கன்னியம்மா என்னிடம் வந்து நின்றாள். அழவில்லை.

"தெரியாததால போச்சு சார். தெரிஞ்சிருந்தா போயிருக்காது. எனக்கு எங்கனா படிக்க சீட்டு வாங்கிக் குடுங்க."

மெட்ராஸில் ஒரு நல வாரியம் இருந்தது. கிராமத்து நிலையங்களில் வேலை செய்யும் பெண்களை அவர்கள் செலவில் வேலூருக்கு அனுப்பி மருத்துவச்சிப் பயிற்சி கொடுப்பார்கள். இரண்டு நிபந்தனைகள். வயது முப்பதைத் தாண்டியிருக்கக் கூடாது. கன்னியம்மாவுக்கு அந்த வருடம்தான் கடைசி. அனுப்பும் நிலையத்துக்குத் தினமும் சராசரியாக முப்பது நோயாளிகள் வர வேண்டும். இங்கேதான் இடித்தது.

எங்களுக்கும் ஒரு காலத்தில் நாற்பது ஐம்பது பேர் வந்தார்கள். பாதிப் பேருக்குச் சிரங்கு, மீதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. கன்னியம்மா சும்மா இருந்தாளா? வீடு வீடாகப் போய்க் கந்தகக் களிம்பைத் தடவினாள். துணியை எல்லாம் கொதிக்கவைக்கச் சொல்லிச் சண்டை போட்டாள். மூடி இல்லாத அந்தக் கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக்கொண்டே இருந்தாள். மூன்று வருடத்தில் கூட்டம் வற்றிவிட்டது. ஒரு நாளைக்கு ஏழு பேர் வந்தால் அதிகம். நன்றாக வேலை செய்து, தன் சீட்டுக்குத் தானே உலை வைத்துக்கொண்டாள்.

"ஏழு பேருன்னே எழுதிடலாம் சார். ஏன் கம்மியாச்சுன்னு சேர்த்து எழுதுங்க" என்றாள்.

"அதுக்கெல்லாம் ஃபாரத்துல கட்டம் இல்லம்மா" என்றேன். 'தினசரி சராசரி: 32' என்று எழுதி அனுப்பினேன். முப்பது என்று எழுதினால் சந்தேகம் வரும் என்பதால் ஒரு இரண்டு கூட்டினேன். ஒரு பொய்யை நம்பவைக்க இன்னொரு பொய்யால் மெருகு ஏற்றினேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதைத் தொழில் நுணுக்கம் என்று நினைத்தேன்.

பதில் சீக்கிரமே வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி நேரில் வந்து பார்வையிடுவார்.

கையில் ஏழு நாள் இருந்தது, ஏழு நோயாளிகள் இருந்தார்கள். நேராக வாணியம்பாடிக்கு பஸ் ஏறினேன். அங்கே தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த ஒரு சாயபு எங்களுக்கு அவ்வப்போது உதவுவார். வெள்ளிக்கிழமை அவர் ஷாப்புக்கு விடுமுறை, தொழுகை நாள். ஆகவே அன்று ஆட்கள் சும்மாதான் இருப்பார்கள். இந்தக் கணக்கு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தோன்றியது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயபு கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. எதையும் சரக்காகவே பார்த்துப் பழகியவர்.

"நோயாளியா? எத்தன வேணும்?"

"முப்பது பேர் இருந்தா போதும் பாய்."

"ரெண்டு ஜாஸ்தி வச்சுக்குங்க. எந்த லோடுலயும் ஒண்ணு ரெண்டு கழிஞ்சுடும்."

அப்போது நான் ஒன்று சொன்னேன். அந்த வாக்கியத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "உடம்புக்கு ஒண்ணும் இல்லாத ஆளா பாத்து அனுப்புங்க பாய். நெசமாவே நோவோட வந்துட்டா மருந்து குடுக்கணும். எங்ககிட்ட மருந்து கம்மி."

சாயபு இதை மிக நியாயமாக ஏற்றுக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "முனுசாமி! ஒரு நோவும் இல்லாத ஆளா முப்பத்திரண்டு பேர பொறுக்கு!"

முனுசாமி அங்கே மேஸ்திரி. கனத்த மீசை, கனத்த குரல். கால் மணி நேரத்தில் பொறுக்கிவிட்டார். முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார். நான் ஒருமுறை நடந்து பார்த்தேன். திடமான ஆட்கள். நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து பதிவேட்டைத் தயாரித்தேன். ஒரு வைத்தியக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நோய்களை வரிசையாக எழுதினேன். இருதய நோய் ஒன்று, ஆஸ்துமா இரண்டு, மூலம் மூன்று, காமாலை, காதில் சீழ், மூட்டு வலி, சிரங்கு. ஒரு சோற்றுக்கு ஒரு பொரியல், ஒரு கூட்டு என்று பந்தி போடுவது போல எல்லாம் அளவோடு இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். நோய்களை எழுதியாகிவிட்டது. பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டேன். ஆள் வந்ததும் நிரப்பிக்கொள்ளலாம். வாசலுக்கு ஒரு வெள்ளைத் துணியில் 'வருக வருக, நல்வரவு' என்று பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்தது. எல்லோரும் இறங்கியதும் ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்தேன். அதில் டோக்கன் எண்ணும் நோயும் இருக்கும். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொன்னார்கள். உடனே கலவரம்.

மேஸ்திரி முனுசாமி சீட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இன்னா சார் இது? எனக்கு சிரங்கா?"

"ஆமாம் மேஸ்திரி. சாதாரண வியாதிதான்..."

"அதத்தான் நானும் கேக்கறேன். நான் மேஸ்திரி. எனக்கு சிரங்கு. சுண்ணாம்புக் குழியில நிக்கறான் பாருங்க ஏழுமல, அவனுக்கு இருதயமா?"

ஏழுமலை என்பவர் பின்னால் கூச்சத்தோடு நின்றார். மெலிந்த, அமைதியான ஆள். தோலில் ஒட்டிய ரோமம் கழல்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்களே, அந்தக் குழியில் வேலை. தனக்குக் கிடைத்த இருதயத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் சீட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இருதயம் வெளிய தெரியாது மேஸ்திரி. அவர் சாது. நடிக்க சுலபமா இருக்கும்னு..."

"அப்ப எனக்கு நடிக்க வராதுங்கறீங்களா?"

இதற்குள் மற்றவர்களும் கிளம்பிவிட்டார்கள். மரப்பட்டை இடிக்கும் பிரிவுக்கு மூலம் கொடுத்துவிட்டு, தோல் சீவும் பிரிவுக்கு ஆஸ்துமா கொடுத்தது ஏன் என்று ஒரு தரப்பு கேட்டது. ஓர் ஆள் தன் மச்சான் எதிரில் வயிற்றுப்போக்கு என்று சொல்லவே மாட்டேன் என்று லாரியில் திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டார். உத்தியோகத்தில் மேல் கீழ் உண்டு, நோயிலும் உண்டு என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு மணி நேரம் பேரம் பேசி நோய்களை அந்தஸ்துப்படி மறுபடி பங்கிட்டேன். இருதயம் மேஸ்திரிக்குப் போயிற்று. சிரங்கு ஏழுமலைக்கு வந்தது. அவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டதை நான் பார்த்தேன்.

கன்னியம்மா கதவருகில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், எனக்கு ரொம்ப பேஜாரா இருக்குது" என்றாள்.

"நாளைக்கு வேலூர்ல உக்காந்து படிக்கும்போது பேஜார் எல்லாம் போயிடும். நீ பேசாம இரு. நான் பாத்துக்கறேன்."

இந்த 'நான் பார்த்துக்கொள்கிறேன்' இருக்கிறதே, நம் தொழிலில் முக்கால்வாசிக் கேடு அதிலிருந்துதான் வருகிறது. அது இருக்கட்டும்.

குமாஸ்தா ஒருவர் வருவார், தலையை எண்ணுவார், இளநீர் குடிப்பார், போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். ஜீப்பிலிருந்து ஓர் அம்மாள் இறங்கினார். நரை ஓடிய தலை, நூல் புடவை, கையில் பெரிய பை. பையைத் திறந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"அம்மா, நீங்க... டாக்டரா?"

"ஏன், இருக்கக் கூடாதா? சும்மா எண்ணிட்டுப் போறதுக்கு மெட்ராஸ்ல இருந்து வருவாங்களா? ஒருத்தர் ஒருத்தரா பாத்துடலாம். முதல் டோக்கன் யாரு?"

மேஸ்திரி முன்னால் வந்து உட்கார்ந்தார். ஒரு கை நெஞ்சில், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால்.

"என்ன பண்ணுது?"

"இருதயம்மா."

"வலி எப்பலேருந்து?"

"போன சனிக்கெழமைலேருந்து." நான் ஷாப்புக்குப் போய் ஆள் கேட்ட நாள் அதுதான். அந்த விஷயத்தில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை.

"எந்தப் பக்கம் வலிக்குது?"

"ரெண்டு பக்கமும்மா." மேஸ்திரிக்கு எதிலும் அரைகுறை பிடிக்காது.

டாக்டரம்மா நெஞ்சில் வைத்துப் பார்த்தார். முதுகில் வைத்துப் பார்த்தார். "ஐயா, உங்க இருதயம் என் இருதயத்தவிட நல்லா இருக்கு. போய்ட்டு வாங்க" என்றார்.

மேஸ்திரிக்கு முகம் சுருங்கிவிட்டது. "இல்லம்மா, எழுதிக் குடுத்திருக்காங்க" என்று சீட்டை நீட்டினார். டாக்டரம்மா அதை வாங்கிப் படித்து, என்னை ஒரு பார்வை பார்த்து, பதிவேட்டின்மேல் வைத்தார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். ஏழுமலை.

"சிரங்கா? கைய நீட்டுங்க. விரலிடுக்குலதான் முதல்ல வரும்."

ஏழுமலை கையைப் பின்னாலேயே வைத்துக்கொண்டார். "கையில இல்லம்மா. முதுகுல."

"முதுகையும் பாக்கறேன். முதல்ல கை."

"முதுகுல மட்டுந்தாம்மா."

சட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள். முதுகு பளிங்கு போல இருந்தது. டாக்டரம்மா அலுத்துக்கொண்டு, பேனாவை வைப்பதற்காக ஆர்மோனியத்தின் பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார். குனிந்து பார்த்தார். பெட்டிக்கு மூடி கிடையாது. பதிவேடு மறைக்காத இடத்தில் வெள்ளைக் கட்டைகள் தெரிந்தன. அவற்றில் நான்கைந்தின்மேல் சின்னச் சின்னதாகச் சிவப்புப் பொட்டுகள் இருந்தன. ஈரம் காயவில்லை.

"இத யார் வாசிச்சது?"

மற்ற எல்லோரும் ஏழுமலையைப் பார்த்தார்கள். அவர் கையை இன்னும் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஒரு தபா அமுக்கிப் பாத்தேம்மா. சும்மா, சத்தம் வருதான்னு. கெட்டுப்போயிருந்தா கூலியில புடிச்சுக்கங்க."

டாக்டரம்மா அவர் பின்னால் போய் அந்தக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார். நானும் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் வெடித்து, நகத்தைச் சுற்றியிருந்த சதையைச் சுண்ணாம்பு தின்று, உள்ளங்கையில் ஊசி குத்தியது போல ஆழமான குழிகள். ஒன்றிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"இது எத்தன நாளா?"

"எதும்மா?"

"இந்தப் புண்ணு."

ஏழுமலைக்கு உண்மையாகவே கேள்வி புரியவில்லை. தன் கையையே உற்றுப் பார்த்தார். "இது நோவு இல்லம்மா. இது வேல" என்றார்.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோரையும் பார்த்து, "எல்லாரும் கைய நீட்டுங்க" என்றார்.

யாரும் அசையவில்லை. எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி மீசையைத் தடவினார், தரையைப் பார்த்தார். அப்புறம் தன் வலது கையை முன்னால் கொண்டுவந்தார். மேஸ்திரி ஆவதற்கு முன்னால் அவரும் குழியில் ஒன்பது வருடம் நின்றவராம். இரண்டு விரல்களில் நகமே இல்லை. அவர் நீட்டியதும் ஒவ்வொருவராக நீட்டினார்கள். லாரியில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளும் இறங்கி வந்து நீட்டினார்.

ஒரு நோவும் இல்லாத ஆட்களை நான்தான் கேட்டு வாங்கினேன். நல்ல கண்ணுள்ள ஒரு மேஸ்திரி நல்ல எண்ணத்தோடுதான் பொறுக்கினார். அவர் கண்ணிலும் இது நோவு இல்லை, சாயபு கண்ணிலும் இல்லை. வரிசையாக நிறுத்திப் பார்த்த என் கண்ணிலும் இல்லை. ஊர் ஊராக நோயாளியைத் தேடுவது என் வேலை. எனக்கு அவமானமாக இருந்தது. இப்போதும் அவமானமாகத்தான் இருக்கிறது.

டாக்டரம்மா பதிவேட்டைக் கையில் எடுத்தார். "இதுல இருதயம் இருக்கு, ஆஸ்துமா இருக்கு, காமால இருக்கு. இவங்க கையில இருக்கறது மட்டும் எங்கயும் இல்ல. யார் எழுதினது?" என்று கேட்டுக் கன்னியம்மாவைப் பார்த்தார். பதிவேடு எழுதுவது நர்ஸ் வேலைதானே.

கன்னியம்மா மறுக்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை.

உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் உடனே சொல்லவில்லை. மூன்று நான்கு மூச்சு விடும் நேரம் எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அவள்மேல் பழி போனால் சீட்டு மட்டும்தான் போகும், என்மேல் வந்தால் நிலையமே போகும் என்று ஒரு கணக்கு என் மண்டைக்குள் ஓடியது. ஓடியது என்று ஒப்புக்கொள்கிறேன். பிறகுதான் "நான்தாம்மா எழுதினேன்" என்றேன். சராசரியை முப்பத்திரண்டாகக் கூட்டி எழுதியதிலிருந்து லாரி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. பையை மூடினார். "பொய் ரிஜிஸ்தர் வச்சிருக்கற நிலையத்துக்கு சீட் கிடையாது. ரூல்ல தெளிவா இருக்கு. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவ்வளவுதான். அடுத்த வருடம் கன்னியம்மாவுக்கு வயது தாண்டிவிடும். நான் அவள் முகத்தைப் பார்க்கத் துணியாமல் நின்றேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. நேராக ஆர்மோனியத்தின் அருகில் போய்ப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"சீட்டு போனா போவட்டும் டாக்டரம்மா. ஆளுங்க வந்திருக்காங்க. இன்னொரு தபா எப்ப வருவாங்களோ தெரியாது. ரிஜிஸ்தரு தப்புன்னா ரிஜிஸ்தர திருத்திக்கலாம், ஆளத் திருத்த முடியாதே. நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் எழுதறேன். இந்தப் புண்ணுக்கு எப்படிக் கட்டறதுன்னும் சொல்லிக் குடுங்க. எனக்குத் தெரியாது."

டாக்டரம்மா வாசல் வரைக்கும் போனவர் நின்றார். ஜீப் டிரைவரிடம், "நீ போய் சாப்பிட்டுட்டு வாப்பா. நேரமாகும்" என்றார்.

சாயங்காலம் வரை நடந்தது. கன்னியம்மா ஒவ்வொரு வரியிலும் நான் எழுதிய நோயை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே உண்மையை எழுதினாள். இருதயம் போயிற்று. காமாலை போயிற்று. டாக்டரம்மா முதல் நான்கு கைகளைத் தானே கழுவிக் கட்டினார். ஐந்தாவது கையிலிருந்து கன்னியம்மா கட்டினாள், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெந்நீர் போட்டேன். மருந்து கம்மி என்று நான் பயந்தேன் அல்லவா, அந்த பயம் மட்டும் பலித்தது. பாதியில் களிம்பு தீர்ந்து தேங்காய் எண்ணெய்க்கு வந்தோம். கட்டுத் துணியும் தீர்ந்துவிட்டது. கன்னியம்மா வாசலுக்குப் போய் நல்வரவுத் துணியை அவிழ்த்துக்கொண்டு வந்து கிழித்துக் கொதிக்கவைத்தாள். சாயம் போகவில்லை. ஒருத்தர் விரலில் 'வ', ஒருத்தர் உள்ளங்கையில் 'ரு', ஏழுமலையின் மணிக்கட்டில் பாதி 'ந'.

மேஸ்திரிக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எல்லாருக்கும் ஒரே நோவா? மேஸ்திரிக்கும் குழிக்காரனுக்கும் ஒண்ணேதானா?" என்று கேட்டார்.

"ஒண்ணேதான்" என்றார் டாக்டரம்மா.

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். "அப்ப என் பேர மொதல்ல எழுதும்மா" என்றார்.

ஒரு மாதம் கழித்து வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. நிலையத்துக்கு இந்த ஆண்டு அங்கீகாரம் கிடையாது. ஆனால் தொழிலாளர் நோய்கள் உள்ள பகுதி என்ற வகையில், அதிகாரியின் சிபாரிசின் பேரில், கன்னியம்மா என்பவருக்குப் பயிற்சியில் ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. கீழே ஒரு நிபந்தனை: இனி இந்த நிலையத்தின் நோயாளிகள் பதிவேட்டைச் செயலாளர் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. இப்படி ஒரு நிபந்தனையை வாங்கிய செயலாளர் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கன்னியம்மா அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தாள், அப்புறம் அழுதாள். வேலூருக்குப் போனாள், படித்தாள், திரும்பி வந்து இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பதிவேட்டை அவளே எழுதினாள். ஓய்வு பெறும்வரை நான் அதைத் தொடவில்லை. சாயபு லாரிக்கு டீசல் கொடுத்தார், கையுறை கொடுக்கவில்லை. அதற்கு அவரோடு இன்னும் சில வருடம் சண்டை போட வேண்டியிருந்தது.

இப்போது உங்கள் மனுவுக்கு வருகிறேன். நான்காம் பக்கத்தில் பயனாளிகளின் தேவைகள் என்று வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள். கச்சிதமாக இருக்கிறது. இவற்றை அவர்கள் சொன்னார்களா, அல்லது தேவையை எழுதிவிட்டுப் பெயரைக் காலியாக விட்டிருக்கிறீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் கேட்க உரிமை உண்டு.

கடிதம் வருவதற்கு முன்னால் நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது. டாக்டரம்மா வந்துபோனதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலை, பயிற்சி இடம் போய்விட்டது என்றே நாங்கள் நினைத்திருந்த நேரம், நான் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். லாரிச் சத்தம் கேட்டது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் பரிசோதிக்க வரவில்லை, லாரி மட்டும் வந்து நின்றது. போன வாரத்தைவிடக் கூட்டம் அதிகம். முதலில் மேஸ்திரி இறங்கினார். நல்வரவுத் துணி அழுக்கேறி அவர் விரலிலேயே இருந்தது. என் எதிரில் வந்து உட்கார்ந்து, உள்ளபடியே விசாரித்தார்.

"இன்னா சார், இன்னிக்கு எனக்கு இன்னா நோவு?"

என்னிடம் நோய் எழுதிய சீட்டு எதுவும் இல்லை.

"தெரியல மேஸ்திரி" என்றேன். "கையக் காட்டுங்க."